பிரித்தால் செல்லாது

ஜூலை 14

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் காற்று இறங்காமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே தூர தேசத்தில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு பேசினோம். பேசினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. உன் அம்மாதான் பேசினாள். "சாப்பிட்டியா, குளிருதா, கதவைப் பூட்டிட்டுத் தூங்குறியா" என்று எல்லாம் கேட்டு முடித்துப் போன் என் கைக்கு வந்தபோது, நீ "சரிப்பா, வெக்கட்டுமா" என்றாய். அதனால்தான் கடிதம். இதில் அவள் குறுக்கே பேச முடியாது. பதிலைக் கடை விலாசத்துக்கே போடு.

உன் மாமா கடைக்கு வந்திருந்தார். ஆபீசில் பேனா பிடிக்கிற மனிதர் என்பதால் எனக்குப் புரியாததெல்லாம் தனக்குப் புரிகிறது என்று ஒரு நினைப்பு. "ரெண்டு வருஷம் இங்க, ரெண்டு வருஷம் அங்கன்னா, எந்தப் பாதிக்கு, மாப்ள, பட்டம் குடுப்பாங்க?" என்றார். "முன் சக்கரம் இங்க, பின் சக்கரம் அங்க. வண்டி ஒண்ணுதான்" என்றேன். பதில் எங்கிருந்து வந்ததோ, எனக்கே ஆச்சரியம்.

ஆனால் போகும்போது ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போனார். "ஒரு பேப்பர்லகூட ஃபெயில் ஆனதில்லைன்னு ஊரெல்லாம் சொல்ற. அந்த மார்க் தாளை ஒரு தடவையாவது உன் கண்ணால பாத்திருக்கியா?"

பார்க்கவில்லைதான். பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதி, பரிட்சைக்கே என்மேல் சலிப்பு வந்துவிட்ட ஆள் நான். பார்த்து எனக்கு என்ன தெரியப்போகிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

*

ஜூலை 29

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலம்தானே? குனிந்து குனிந்து உங்களுக்கு இடுப்பு வலி வந்ததே, இப்போது எப்படி?

என் அறையில் இன்னொரு பெண்ணும் இருக்கிறாள். நர்ஸ் படிப்பு. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்துச் சுவர்தான். மழை பெய்கிறதா என்று பார்க்க மாடிப்படி இறங்க வேண்டும்.

ஒரு முக்கியமான வேலை, அப்பா. கடைசிப் பருவத்து மார்க்குகள் நான் கிளம்பிய பிறகுதான் வந்தன. பழைய காலேஜ் ஆபீசில் எல்லா மார்க்குகளையும் ஒரே தாளில் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒட்டின்மேல் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தருவார்கள். நான் அனுப்பியிருக்கும் அனுமதிக் கடிதத்தைக் காட்டி நீங்கள்தான் வாங்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் இங்கே என்னை நேராக மூன்றாம் வருடத்தில் சேர்ப்பார்கள். இல்லையென்றால் முதல் வருடத்திலிருந்து ஆரம்பம்.

'பிரித்தால் செல்லாது' என்று உறையின்மேலேயே அச்சடித்திருக்கும். அப்படியே இன்னொரு பெரிய உறையில் போட்டு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புங்கள். தயவுசெய்து யாரும் பிரிக்க வேண்டாம். மாமாவிடம் காட்டவும் வேண்டாம். ஆகஸ்ட் கடைசிக்குள் இங்கே இருக்க வேண்டும்.

அம்மாவிடம் கதவைப் பூட்டிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்

*

ஆகஸ்ட் 12

அன்பு மகளுக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் சுகம்.

நீ சொன்ன வேலை முடிந்தது. காலேஜ் ஆபீசில் உறையைக் கொடுத்த அம்மா, "பிரிக்கக் கூடாது, தெரியுமில்ல?" என்றார். "நல்லாத் தெரியும் மேடம்" என்றேன். உறை என்னிடம் மூன்று நாள் இருந்தது. கடையில் கறை படாமல் இருக்க, செய்தித்தாளில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்தேன். தொட்டதோடு சரி. உன் மாமா வந்து, "காட்டு மாப்ள, பாப்போம்" என்றார். "சீல் வெச்சது. பிரித்தால் செல்லாது" என்று சட்டம் பேசி அனுப்பிவிட்டேன்.

நம் தபால்காரரே எடுத்துப் போய், ரிஜிஸ்டர் பண்ணி, ரசீதையும் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல மனிதர். உறையைப் பற்றிக் கவலையே வேண்டாம். கெட்டி உறை. ஒட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது.

போன வருடம் கோடை லீவில் கூடுதல் பயிற்சி இருக்கிறது என்று வீட்டுக்கு வராமல் காலேஜிலேயே இருந்தாயே. அது நல்லபடியாகப் போயிற்றா? சும்மா கேட்டேன். நீ வராததால் அம்மா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் என்ன செய்தேன் என்று இன்றுவரை தெரியாது.

நன்றாகப் படி. ரொம்பவும் உடம்பை வருத்திக்கொள்ளாதே. எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

அப்பா

*

செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உறை நேரத்துக்கு வந்து சேர்ந்தது. ஆபீசில் கொடுத்துவிட்டேன். சரிபார்க்கிறார்கள். கொஞ்சம் நாளாகும் போலிருக்கிறது.

கோடைப் பயிற்சி நன்றாகத்தான் இருந்தது.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்

*

அக்டோபர் 3

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். கடைக்கு எதிரே ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டிக்காரர்களுக்கு அழுகை, எனக்குப் பிழைப்பு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பெரிய வேலையில்லை, மொத்தமே ஏழெட்டு வரிதான். 'சரிபார்க்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறாய். எதைச் சரிபார்க்கிறார்கள்? மார்க்கையா, உறையையா? உறையைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? ஏதோ கேட்கத் தோன்றியது, கேட்டேன். தூர தேசத்துக்குப் போகிற உறை, வழியில் எத்தனை கை மாறும்.

போனில் உன் குரல் தொண்டை கட்டிய மாதிரி இருந்ததாம். குளிர் என்கிறாள் உன் அம்மா. குளிராகவே இருக்கட்டும்.

சீக்கிரம் பதில் போடு. ஏழு வரிக்குக் குறையாமல்.

அப்பா

*

அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

எனக்கு ஜலதோஷம் ஒன்றும் இல்லை. அம்மாவிடம் குளிர் என்றே சொல்லி வையுங்கள்.

இதைப் போனில் சொல்ல முடியவில்லை. உறையை அவர்கள் ஏற்கவில்லை. ஒட்டைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறதாம். ஒட்டின்மேல் போட்ட கையெழுத்தின் மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரு மயிரிழை விலகி இருக்கிறது. மார்க்கைத் திருத்தியிருக்கலாம் என்று சந்தேகம். முடிவு தெரியும்வரை முதல் வருட வகுப்பில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எல்லாம் இப்போதுதான் பள்ளி முடித்து வந்த பிள்ளைகள். நான் இரண்டு வருடத்துக்கு முன்னால் எழுதிய அதே பாடங்கள். ஒருத்தி என்னை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

காலேஜ் ஆபீசில் ஒட்டியவர்கள்தான் சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. அவசரத்தில் செய்திருப்பார்கள். நீங்கள் அதை நினைத்து வருத்தப்பட வேண்டாம். இன்னொரு பிரதி கேட்டு, காலேஜிலிருந்தே நேராக இங்கே அனுப்பச் சொல்லுங்கள். அது போதும்.

இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்

*

நவம்பர் 2

அன்பு மகளுக்கு,

வீட்டில் எல்லோருக்கும் சுகம். எனக்குத்தான் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. வயதாகிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே, இருப்பதில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போனேன். அதே அம்மா. "நாங்க ஒட்டினா ஒட்டினதுதான் சார். இருபது வருஷமா ஒட்றேன். யாரு பிரிச்சது?" என்றார். நான், "தபால்ல ஏதாவது ஆயிருக்கும் மேடம்" என்றேன். "அப்ப அதை எழுதிக் குடுங்க. காரணம் இல்லாம ரெண்டாவது பிரதி தர மாட்டோம்" என்று தாளை நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு நகல் தபால் ஆபீசுக்கும் போகுமாம். புதுப் பிரதி பத்து நாளில் நேராக உன் யுனிவர்சிட்டிக்குப் போய்விடுமாம்.

நாலு நாள் கழித்து நம் தபால்காரர் பின் சக்கரத்தில் ஆணி குத்தி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். "மேலதிகாரி கூப்பிட்டு விசாரிச்சாருண்ணே. ஏதோ ரிஜிஸ்டர் உறையைப் பிரிச்சிட்டாங்களாம். நம்ம பாப்பாவுது இல்லையே?" என்றார். நான் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை. பஞ்சர் ஒட்டி, பிரேக்கை இறுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டு, வண்டியைக் கழுவித் துடைத்தும் கொடுத்தேன். "என்னண்ணே, இன்னிக்கு எனக்குக் கல்யாணமா?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

உன்னை டீச்சர் என்று நினைத்த பெண்ணுக்கு நல்ல கண்.

இதற்குமேல் எழுத வரவில்லை.

அப்பா

*

நவம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். சாப்பாடு ஏன் இறங்கவில்லை? டாக்டரிடம் போனீர்களா?

புதுப் பிரதி வந்துவிட்டது. இரண்டு தாளிலும் மார்க்குகள் ஒன்றுதான், ஒரு புள்ளிகூட மாறவில்லை. ஆனாலும் விஷயம் முடியவில்லை. மார்க் வேறு, நாணயம் வேறு என்கிறார்கள். முத்திரை வைத்த உறையைப் பிரித்தது யார், எதற்கு என்று தெரியாமல் என்னை மூன்றாம் வருடத்துக்கு ஏற்ற முடியாதாம். டிசம்பர் இருபதாம் தேதி மூன்று பேர் கொண்ட குழு என்னைக் கூப்பிட்டு விசாரிக்கும். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் முதல் வருடம்தான். இரண்டு வருடப் படிப்பும் போய்விடும்.

யார் பிரித்தது என்று ஆபீசில் முதல் நாளே கேட்டார்கள். தெரியாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபதாம் தேதியும் அதையே சொல்வேன்.

தபால்காரரை யாரும் கோபித்துக்கொள்ளவில்லையே?

நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அப்பா. சாப்பிடுங்கள். அது போதும்.

உங்கள் மகள்

*

டிசம்பர் 4

அன்பு மகளுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு யோக்கியதை இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதோடு இன்னொரு தாள் இருக்கிறது. அது உன் குழுவுக்கு. தமிழில்தான் எழுத வந்தது. நீதான் அவர்கள் மொழியில் மாற்ற வேண்டும். உன்மேல் சத்தியமாக, ஒரு வரியைக்கூட வெட்டாதே. அப்பா அசிங்கமாகத் தெரிகிறான் என்று பூசி மெழுகாதே. தபால்காரர்மேல் எழுதிய புகாரையும் வாபஸ் வாங்கப் போகிறேன். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேராகக் காலேஜுக்குத்தான் போகிறேன்.

உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போனதே என்று ஒரு நிம்மதி வருகிறது. அந்த நிம்மதிக்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.

அப்பா

மதிப்புக்குரிய பெரியவர்களுக்கு,

நான் இந்தப் பெண்ணின் தகப்பன். தொழில், பஞ்சர் ஒட்டுவது. மெயின் ரோட்டில் பத்தடிக்கு எட்டடியில் கடை. உறையைப் பிரித்தது நான். தபால்காரரும் இல்லை, காலேஜ்காரர்களும் இல்லை, என் மகளும் இல்லை. அவள் பிரிக்க வேண்டாம் என்று எழுதியிருந்தாள். உறையிலும் அச்சடித்திருந்தது. இரண்டையும் படித்துவிட்டுத்தான் பிரித்தேன்.

என் மைத்துனர் என்னை, மகளுடைய மார்க்கை உன் கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டார். அவரை உட்கார வைத்து அந்தத் தாளை அவர் முன்னால் விரிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பழைய ஒட்டைப் பெயர்க்க ட்யூபை இரும்புத் தட்டில் வைத்துச் சூடு காட்டுவோம். அதே இரும்புத் தட்டின்மேல் உறையை வைத்தேன். கிழியாமல் வந்தது. தொழில் சுத்தம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தாளில் எனக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எஃப். பள்ளிக்கூடத்தில் என் பெயருக்கு எதிரே நிறையப் பார்த்த எழுத்து. பக்கத்தில் இருந்த தேதிகளைக் கூட்டிப் பார்த்தேன். முதல் வருடத்தில் ஒரு பாடத்தில் என் மகள் தோற்று, கோடை லீவில் திரும்ப எழுதியிருக்கிறாள். எங்களிடம் சொல்லவில்லை. அதன்பிறகு தாளை மைத்துனரிடம் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. பெருமைக்காகப் பிரித்தேன், வெட்கப்பட்டு மூடினேன். மூடும்போது கைக்கு எட்டியது பஞ்சர் சொல்யூஷன்தான். அதை வைத்து ஒட்டினேன்.

மார்க்கைத் திருத்தினோமோ என்று சந்தேகப்படுகிறீர்களாம். ஐயா, ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நாங்கள் ஒட்டுப் போடுவோம். அந்தத் தாளில் ஓட்டை ஒன்றுதான். அதை நான் தொடவில்லை என்பதைப் புதுத் தாளோடு வைத்துப் பார்த்தாலே தெரியும். முப்பது வருடத்தில் ஓட்டை இல்லாத இடத்தில் நான் போட்ட ஒட்டு இந்த உறை ஒன்றுதான்.

அவளை இரண்டு வருடம் பின்னால் தள்ள வேண்டாம். தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். என்னிடம் பிடுங்குவதற்குப் பட்டம் எதுவும் இல்லை என்பதுதான் ஒரு சிக்கல்.

இப்படிக்கு,
தகப்பன்

*

ஜனவரி 6

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். வரும் பருவத்திலிருந்து மூன்றாம் வருடம். போன அரை வருடம் போனதுதான். தெரிந்தும் தெரியாது என்று எழுதிக் கொடுத்ததற்கு என் கோப்பில் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வைத்திருக்கிறார்கள். அதுவும் நியாயம்தான்.

தெரிந்தும் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா?

ஆபீசில் முதல் நாளே அந்த உறையை என் பக்கம் தள்ளி, "இதில் ஏதோ வாசனை வருகிறதே, என்ன இது?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் உங்கள் கடையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகக்கூட வேண்டியிருக்கவில்லை. தெரியாது என்றேன். காலேஜ்காரர்கள் சரியாக ஒட்டவில்லை என்று உங்களுக்கு எழுதியபோதும் எனக்குத் தெரியும்.

உங்களைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான். விண்ணப்பத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் 'வாகனத் துறை' என்று எழுதியிருந்தேன். அது பஞ்சர் சொல்யூஷன் என்று சொல்லியிருந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருந்திருக்கும். மிச்சப் பாதி அதுதான், அப்பா.

இருபதாம் தேதி, நீளமான மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மா, உங்கள் கடிதத்தை நானே மொழிபெயர்த்து வாசிக்க வேண்டும் என்றார். பஞ்சர் என்பதற்கு இங்கேயும் பஞ்சர்தான். மாற்றிச் சொல்லக்கூட வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அந்த வரியில் நின்றுவிட்டேன். "தண்ணீர் வேண்டுமா?" என்றார்கள். வேண்டாம் என்று சொல்லி வாசித்தேன். ஒரு வரியும் வெட்டவில்லை. ஓட்டை இல்லாத இடத்தில் போட்ட ஒட்டு என்ற இடத்தில் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விண்ணப்பத்தில் தொழிலை அங்கேயே அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கோடையில் பயிற்சி எதுவும் இல்லை. ஹாஸ்டலில் நானும் வாட்ச்மேனும்தான் இருந்தோம். ஒரு பேப்பர்கூடப் போனதில்லை என்று நீங்கள் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பேன். நீங்கள் அடுத்த ஆளிடம் சொல்ல ஆரம்பித்திருப்பீர்கள்.

இப்போதாவது சாப்பாடு இறங்குகிறதா?

உங்கள் மகள்

*

ஜனவரி 21

அன்பு மகளுக்கு,

சாப்பாடு இறங்குகிறது. இரண்டு ஆள் சாப்பாடு என்று போன வாரம்வரை உன் அம்மா புகார். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் ஒன்றும் பேசவில்லை. இன்று ஏழாவது நாள்.

'வாகனத் துறை' என்று எழுதியதற்கு நீ இவ்வளவு மருகியிருக்க வேண்டாம். இரண்டாவது பிரதி கேட்கப் போன அன்று அந்த மேடம், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். உனக்கு அதை நான் எழுதவில்லை. "வண்டி லைன்ல இருக்கேன் மேடம்" என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தாளை நீட்டினாரே, அப்போதுதான் வெளியே எடுத்தேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பை அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். பெண்ணுக்கு மார்க் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

உன் மாமா கேட்பதற்கு முன்னால் நானே சொன்னேன். "ஒரு பேப்பர் போச்சு. திரும்ப எழுதி ரெண்டாவது தடவைல பாஸ் பண்ணிட்டா. நான் மூணாவது தடவைலயும் பண்ணாததை" என்றேன். ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "நானும் கணக்குல ரெண்டு தடவை போனவன்தான் மாப்ள. உன் பொண்டாட்டிகிட்ட சொல்லிராத" என்றார்.

தபால்காரரிடம் சொன்னதுதான் கஷ்டம். அவர் வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டார். "அதான் அன்னிக்கு வண்டியைக் கழுவி விட்டியாண்ணே?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் கடைக்கு வருகிற தபாலை உள்ளே வீசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். நேற்று நின்றார். உன் கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, ஒட்டு இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "பாத்துக்க. ஒட்டினது ஒட்டின மாதிரி இருக்கு. நான் பிரிக்கல" என்றார். பஞ்சர் பார்க்க வந்த இரண்டு பேர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

இனி ஒவ்வொரு கடிதத்துக்கும் அப்படித்தான் காட்டுவாராம். நானும் ஒவ்வொரு தடவையும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, பார்த்து, "ஆமா, பிரிக்கல" என்று சொல்ல வேண்டுமாம்.

நீ நிறைய எழுது.

அப்பா